பொட்டு வைத்த லாக்

திங்கட்கிழமை காலை. கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக எழுப்பி, பையன்கள் அப்போதுதான் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ரிசப்ஷனில் இருந்த ஜோசஃபின் போனை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் வந்த வேகத்திலேயே பாதி விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"எத்திராஜ் சார், மடிவாளா சைடுல ரெய்டாம். என் ஃப்ரெண்டு இப்பதான் போன் பண்ணா. அடுத்தது நம்ம ஏரியாதான்னு சொல்றா."

எத்திராஜ் டிபன் பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தார். ஒன்றும் கேட்கவில்லை. யார் சொன்னது, நிஜமா பொய்யா என்றெல்லாம் விசாரிக்கும் பழக்கத்தை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

"எல்லாரும் கீழ போயி காபி சாப்பிட்டு வாங்கப்பா" என்றார்.

பையன்களுக்கென்ன, கொண்டாட்டம்தான். கீழே ஐயங்கார் பேக்கரியில் காரா பன்னும் காபியுமாக ஒரு மணி நேரம் ஓடிவிடும். எத்திராஜ் ஓரமாக இருந்த ஒரு மெஷினில் உட்கார்ந்து, அதிலிருந்த டிராயிங் சாப்ட்வேரை அழித்தார். நிச்சயமாக அழிக்கத்தான் வேண்டுமா என்று மெஷின் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார். அடுத்த மெஷினுக்குப் போனார். அதுவும் அதையே கேட்டது. சாயங்காலம் ரெய்டும் இல்லை ஒன்றும் இல்லை, யாரோ கிளப்பிவிட்ட வதந்தி என்று தெரிந்ததும், மறுபடி அதே மெஷினில் உட்கார்ந்து சிடியைப் போட்டு ஏற்ற ஆரம்பித்தார். மாதத்தில் இரண்டு மூன்று முறை இது நடக்கும். இரண்டாயிரத்து ஒன்றில் பெங்களூரில் இப்படியும் ஒரு உத்தியோகம் இருந்தது. அதற்குப் பெயர் லைசென்ஸ் மேனேஜர்.

விவேக் நகரில், பேக்கரிக்கு மேலே இரண்டு மாடிகளில் இருந்தது அந்தக் கம்பெனி. வெளிநாட்டில் கட்டும் கட்டடங்களுக்கு இரும்புத் தூண், உத்தரங்களின் வரைபடங்களை இங்கே போட்டு அனுப்புவார்கள். மொத்தம் பதினெட்டு மெஷின்கள். எல்லாவற்றிலும் அந்த டிராயிங் சாப்ட்வேர் ஓடியாக வேண்டும். ஒவ்வொரு காப்பிக்கும் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்கினால் தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் கொடுப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரின் முதுகில், பிரின்டர் செருகும் இடத்தில் செருகினால்தான் சாப்ட்வேர் திறக்கும். ஆபீசில் அதை எல்லோரும் 'லாக்' என்றே சொல்வார்கள்.

அந்தக் கம்பெனியில் இருந்த லாக் ஒன்றே ஒன்று. மீதி மெஷின்களில் எல்லாம் லாக் கேட்காதபடி உடைத்துச் செய்த திருட்டுக் காப்பி. ரெய்டு வருகிறவர்கள் தேடுவது இதைத்தான்.

யாராவது வாடிக்கையாளர் பார்வையிட வந்தால் ஒரு சின்ன நாடகம் நடக்கும். முதலாளி ஆராவமுதன் விருந்தாளியைக் கீழ் மாடியில் முதல் மெஷினுக்கு அழைத்துப் போய், பின்னால் செருகியிருக்கும் லாக்கைக் காட்டுவார். பிறகு தன் கேபினில் உட்கார வைத்துக் காபி கொடுப்பார். அந்த நேரத்தில் எத்திராஜ் லாக்கைக் கழற்றிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு மேல் மாடிக்கு ஓடுவார். காபி குடித்து முடித்து விருந்தாளி மாடி ஏறும்போது, அங்கேயும் ஒரு மெஷினின் முதுகில் லாக் இருக்கும். ஒரே மாப்பிள்ளையை இரண்டு மண்டபத்தில் உட்கார வைப்பது மாதிரிதான். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஆராவமுதன் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அதுதான் இதில் வேடிக்கை. அவர் தகப்பனார் மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். இவரும் பொதுப்பணித்துறையில் இன்ஜினீயராக இருந்தவர்தான். ஒரு காண்ட்ராக்டர் தன் வீட்டு விசேஷத்தில், இவருடைய சாப்பாட்டு இலைக்கு அடியில் ஒரு லஞ்சக் கவரைச் செருகி வைத்தான். பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தவர், அந்த வருஷமே வேலையை விட்டார். டிராஃபிக் போலீஸ்காரரிடம் அபராதம் கட்டினால்கூட ரசீது கேட்டு வாங்கிக்கொண்டுதான் காரைக் கிளப்புவார்.

ஆனால் சாப்ட்வேர் என்று வந்தால் மட்டும் அவர் நியாயம் வேறு.

"எத்திராஜ், ஒருத்தன் ஆத்துல இருந்து பாத்திரத்தை எடுத்துண்டு வந்தா அவனுக்குப் பாத்திரம் இருக்காது. அது திருட்டு. இது அப்படியா? நாம எடுத்தா அங்க என்ன குறையறது? நாலு வேலை வரட்டும், நிதானமா எல்லாத்துக்கும் வாங்கிடலாம். அதுவரைக்கும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

வேலைகள் வந்தன. மெஷின்கள் கூடின. லாக் மட்டும் ஒன்றாகவே இருந்தது. எத்திராஜும் வாயைத் திறக்கவில்லை. ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்து, நாலு கம்பெனி மாறி, நிலையாகக் கிடைத்த வேலை. இரண்டு பெண் குழந்தைகள் படிக்கின்றன. யாருக்குத்தான் வாய் திறக்கும்?

ஆறு மாதம் முன்பு ஆராவமுதன் அவரைக் கூப்பிட்டு, ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே விசிட்டிங் கார்டுகள். 'கே. எத்திராஜ், லைசென்ஸ் மேனேஜர்' என்று நீல எழுத்தில் அடித்திருந்தது. அன்று சாயங்காலம் நீலசந்திராவில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்குக்கூட அந்தச் சேதி எட்டிவிட்டது. அவர் மனைவி சொர்ணம் ஒரு கார்டை எடுத்துச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் சொல்ல வேண்டுமா? ஆட்டோ, பஸ், லேத்து, தையல் மெஷின், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாக வேண்டும். ஆபீஸ் வாசலில் வாழைக்கன்று கட்டினார்கள். வருஷா வருஷம் பூஜையை நடத்துவது ஆராவமுதனின் மனைவி பாகீரதிதான். ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக ஒவ்வொரு மெஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். வெறும் டப்பாதானே என்று ஒன்றையும் விடமாட்டார். தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார்.

அவர் பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த எத்திராஜுக்கு அன்று மனது என்னவோ செய்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு மெஷினையும் கும்பிடக் கும்பிட, அவருக்குத் தலை தாழ்ந்துகொண்டே போனது. இதில் இருப்பது திருட்டு, இதில் இருப்பதும் திருட்டு என்று உள்ளுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் முதல் மெஷினின் பின்னால் குனிந்து அந்த லாக்கைக் கழற்றினார். இந்த ஆபீசில் முறையாக வாங்கியது இது ஒன்றுதான், இதுவாவது சரஸ்வதிக்கு முன்னால் இருக்கட்டும் என்று பூஜைத் தட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"இது என்ன எத்திராஜ்?" என்று பாகீரதி கேட்டார்.

"லாக்குமா. இது இருந்தாத்தான் சாப்ட்வேர் திறக்கும். இங்க இருக்கறதுலயே இதாம்மா ஒசத்தி."

உசத்தி என்று சொன்னால் பாகீரதி சும்மா விடுவாரா? கிண்ணத்திலிருந்து வழித்துத் தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பூப்போட்டு, மூன்று உத்தரணிக் கரண்டி தீர்த்தமும் விட்டார். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. ராத்திரி முழுக்க அது சரஸ்வதியின் காலடியில் சந்தனத்தில் ஊறிக்கொண்டு கிடந்தது. விஜயதசமி அன்று காலை எடுத்துத் துடைத்துச் செருகினால், மெஷின் அதைச் சீந்தவில்லை. எத்திராஜ் ஊதிப் பார்த்தார், பஞ்சால் துடைத்துப் பார்த்தார், வெயிலில் வைத்துப் பார்த்தார். துளைகளுக்குள் இறங்கின ஈரம் வேலையைக் காட்டிவிட்டது. லாக் செத்துவிட்டது.

சாவதற்கும் ஒரு நேரம் பார்த்துக்கொண்டது. அடுத்த வியாழக்கிழமை டென்சில் வருவதாக இருந்தது. ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் பெங்களூர் ஆள் அவர். இரண்டு வருஷத்துக்கான வேலையைக் கொடுப்பதற்கு முன்னால், சாப்ட்வேர் எல்லாம் முறையாக வாங்கியதுதானா என்று நேரில் பார்த்துவிட்டுப் போவார். புது லாக் கேட்டு, அதை விற்றவர்களுக்குப் போன் செய்தால், "எங்க ஆள் வந்து உங்க மெஷின்களையெல்லாம் பார்த்துட்டுத்தான் சார் மாத்திக் கொடுக்க முடியும்" என்றார்கள். ஆராவமுதன் "பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாமெனச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எத்திராஜைக் கேபினுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"முதல் மெஷின்லயும் கிராக் பண்ணினதையே போட்டுடு. கெட்டுப்போன லாக்கைச் சும்மா பின்னால செருகி வை. அவன் என்ன கழட்டியா பார்க்கப் போறான்?"

"சார், அவர் விஷயம் தெரிஞ்சவரு. கேட்டார்னா?"

ஆராவமுதன் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். பிறகு எத்திராஜின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கேட்டா, நீயா எனக்குத் தெரியாம போட்டேன்னு சொல்லிடு. நீதானே லைசென்ஸ் மேனேஜர். கார்டுலயே இருக்கே. அவன் முன்னால உன்னை வேலையை விட்டு அனுப்பற மாதிரி அனுப்பறேன். கம்பெனி பேர் தப்பிச்சுடும். கொஞ்ச நாள் கழிச்சு உன்னைத் திரும்ப எடுத்துக்கறேன். போலீஸ் கீலீஸ்னு போனாலும் வக்கீல் வெச்சு நான் பார்த்துக்கறேன், பயப்படாதே. பதினெட்டு பேர் பொழப்பு இதுல இருக்கு எத்திராஜ்."

எத்திராஜுக்கு அப்போதுதான் அந்தக் கார்டு எதற்கு என்று புரிந்தது. ஆறு மாதம் முன்னாலேயே இந்த நாளுக்காகத்தான் அதை அடித்திருக்கிறார்கள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாடிப்படி ஏறி இறங்கி, அழித்து ஏற்றி, அழித்து ஏற்றி, கோபப்படவும் தெம்பில்லாமல் போயிருந்தது. "சரி சார்" என்றுதான் வாயில் வந்தது.

வீட்டுக்குப் போனார். சொர்ணம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, மூஞ்சியே சரியில்ல?"

மறைக்கத்தான் நினைத்தார். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். சொர்ணத்துக்கு லாக்கும் சாப்ட்வேரும் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அப்போ திருடன்னு உங்களயா சொல்லப்போறாங்க?"

"நானே சொல்லிக்கணும்."

"நீங்கதான் போட்டீங்களா?"

"கை என்துதான்."

சொர்ணம் எழுந்துபோய் அலமாரியிலிருந்த கார்டை எடுத்தாள். ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தாள். புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

"மேனேஜர்னு போட்டா சம்பளம் ஏத்துவாங்கன்னு நெனச்சேன். பழிய ஏத்துவாங்கன்னு தெரியாம போச்சே" என்றாள். அதற்கு மேல் அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. எத்திராஜுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை வந்தது. வாரா வாரம் அன்றைக்குக் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் தெரு அடைத்துக்கொண்டு, டென்சிலின் கார் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால் ஆட்டோவில் வந்து இறங்கினார் பாகீரதி. அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. முந்தின நாள் ஜோசஃபின் போனில் அவரிடம் பேச்சுவாக்கில், லாக் கெட்டுப்போன கதையை உளறியிருந்தாள். பாகீரதிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஆராவமுதனும் எத்திராஜும் முதல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பாகீரதி நேராக அவர்களிடம் வந்தார்.

"ஏன்னா, என்னாலதான் லாக் கெட்டுப்போச்சாமே? நேக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? எத்திராஜ், நீங்க தட்டுல கொண்டுவந்து வெச்சேளா, நானும் அப்பிட்டேன். தப்பு என் மேல."

"இல்லம்மா, நான்தாம்மா கழட்டினேன்."

"சரி, போனது போகட்டும். ஒண்ணுக்குத்தானே சந்தனம் வெச்சேன். ஒரு மெஷின்தானே நிக்கும்? மத்த மெஷின் லாக்கெல்லாம் நன்னாத்தானே இருக்கு? அதுல ஒண்ணைக் காட்டினாப் போறாதா? எதுக்கு எல்லாரும் எழவு விழுந்த மாதிரி நிக்கறேள்?"

பாகீரதி விஷயம் தெரியாமல்தான் கேட்டார். ஆனால் ஆபீஸ் முழுக்கத் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. பையன்கள் திரையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆராவமுதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்திராஜ், சொல்லுங்கோ. மத்த லாக் எல்லாம் எங்க?"

"இருந்ததே ஒண்ணுதாம்மா."

"அப்போ மத்த மெஷின் எல்லாம் எப்படி ஓடறது?"

பையன்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாகீரதி அந்த மாடியில் இருந்த மெஷின்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பூஜை அன்று வைத்த பொட்டுகள் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஏன்னா, அப்போ நான் தொட்டுக் கும்பிட்டதுல எது நம்மளது?"

"பாகீரதி, நோக்கு இது புரியாது. நாம எடுத்ததால அங்க ஒண்ணும் குறையலை..."

"அன்னிக்கு இலைக்கு அடியில வெச்சானே, அதை வாங்கிண்டிருந்தா அந்தக் காண்ட்ராக்டருக்கு மட்டும் என்ன குறைஞ்சிருக்கும்? எதுக்குப் பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்தேள்? எதுக்கு என்னை வாடகை ஆத்துல பத்து வருஷம் வெச்சேள்? நான் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுண்டிருக்கேனே!"

பாகீரதி குரலை உயர்த்தவில்லை. அவருக்கும் வயதாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து டென்சில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ஃப்ரேசர் டவுன்காரர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர்.

"சாரி சார், ஃபுல் ஜாமு. இன்னிக்கு தர்ஸ்டேன்னு மறந்துபோச்சு. ஓகே, ஸ்டார்ட் பண்ணலாமா? லைசென்ஸ் பாத்துக்கறது யாரு இங்க?"

முதல் மெஷினின் பின்னால் அவரே குனிந்தார். லாக்கைப் பிடித்து லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது. அதன் துளைகளில் காய்ந்த சந்தனம் இருந்தது. திரையில் சாப்ட்வேர் லாக் இல்லாமலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டென்சில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா மேன் இது?"

எத்திராஜ் ஓர் அடி முன்னால் வந்தார். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம்தான்.

"லைசென்ஸ் மேனேஜர் நான்தான் சார். இதெல்லாம் நான்தான் போட்டேன். முதலாளிக்குத்..."

ஆராவமுதன் திரும்பினார். எத்திராஜைப் பார்த்தார். கேபினில் அன்று பார்க்காமல் விட்ட முகத்தை இப்போதுதான் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியையும் பார்த்தார்.

"தெரியும்" என்றார் ஆராவமுதன். "முதலாளிக்குத் தெரியும். நான் சொல்லித்தான் போட்டார். வேண்டாம்னு சொல்ற நிலைமையில அவரை நான் வைக்கலை. லைசென்ஸ் ஒண்ணுதான் வாங்கினேன். மத்ததெல்லாம் திருட்டு. அந்த மேனேஜர் பட்டமும் நானா அவர் தலையில கட்டினதுதான்."

திருட்டு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து அந்த ஆபீசில் வந்தது அதுவே முதல் தடவை.

டென்சில் லாக்கை மேஜைமேல் வைத்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "ஐயோ, சார்... நீங்க சொல்லிட்டீங்க, அது உங்க நல்ல மனசு. ஆனா நான் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும். இந்த வேலை உங்களுக்கு வராது. எல்லாம் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. நான் வர்றேன்" என்றார். காபி கொடுத்தார்கள். பாதி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் எத்திராஜ் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து அழித்தார். வழக்கமான வேலைதான். திரும்ப ஏற்ற வேண்டியதில்லை என்பது மட்டும் வித்தியாசம். ஆராவமுதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"எடுத்தா அங்க என்ன குறையறதுன்னே கேட்டுண்டிருந்தேன் எத்திராஜ். இங்க என்ன குறையறதுன்னு ஒரு நாளும் பார்க்கலை. கடைசியில ஒரு மனுஷனையே தூக்கிக் குடுக்கத் துணிஞ்சுட்டேனே."

எத்திராஜ் உடனே உருகிவிடவில்லை. அவ்வளவு சீக்கிரம் ஆறுகிற புண் இல்லை அது. "அந்தக் கார்டை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க சார்" என்றார். வீட்டுக்குப் போய்ச் சொர்ணத்திடம், "வேலை இருக்கு, மேனேஜர் இல்ல" என்றார். "அப்பாடா" என்றாள் அவள்.

அதற்கப்புறம் எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பெரிய வேலை கைநழுவிப் போனது. ஆராவமுதன் காரை விற்றுவிட்டு மறுபடி ஸ்கூட்டருக்கு வந்தார். பழைய லாக்குக்கு மாற்று வாங்கியதோடு, இன்னும் இரண்டு லைசென்ஸ்தான் வாங்க முடிந்தது. மூன்று மெஷின்களில் முறை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். விடியற்காலை முறை, பகல் முறை, சாயங்கால முறை. சில பையன்கள் அலுத்துப்போய் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் சலித்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. பாகீரதி சந்தனக் கிண்ணத்துடன் வந்து, மூன்று மெஷின்களுக்கு மட்டும் பொட்டு வைத்தார். லாக்குகளின் பக்கமே போகவில்லை. துணி போர்த்தி மூலையில் நின்றவற்றைக் காட்டி, "அதுக்கெல்லாம் மேடம்?" என்று ஜோசஃபின் கேட்டாள்.

"அதெல்லாம் வேலை செய்ய ஆரம்பிக்கட்டும். அடுத்த வருஷம் வைக்கறேன்."

பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பரத் மெல்ல ஆராவமுதனிடம் வந்தான். விடியற்காலை முறையில் கண்கள் சிவந்துபோன பையன். கையில் ஒரு சிடி இருந்தது.

"சார், ஃப்ரெண்டு ஒருத்தன் குடுத்தான். புது வெர்ஷன். லாக்கே வேணாமாம். சும்மா நிக்கற மெஷின்ல போட்டா எல்லாரும் பகல்லயே வேலை பார்க்கலாம். நம்மள யார் சார் பார்க்கப் போறாங்க? நாம எடுத்தா அங்க என்ன குறையப்போகுது?"

எத்திராஜ் பொரிப் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஆராவமுதன் அந்தச் சிடியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பரத்திடமே திருப்பிக் கொடுத்தார்.

"அங்க ஒண்ணும் குறையாதுப்பா. நீயும் நானும்தான் குறைஞ்சு போவோம். திருட்டுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. அனுபவிச்சவன் சொல்றேன், இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. உன் விடியற்காலை முறையை நாளையிலேர்ந்து நான் பார்த்துக்கறேன்."